தண்ணீர் கேட்காத தாகம்

63ஆம் சங்கீதத்துக்கு ஒரு விளக்கவுரை

63ஆம் சங்கீதத்தில் 11 வசனங்கள். அவற்றில் எதிலும் பாடுகிறவர் தமக்கென்று ஒன்றைக் கேட்கவில்லை. வறண்ட நிலத்தில் நிற்கிறார். தண்ணீர் தாரும் என்று கேட்கவில்லை. உயிரை வாங்க ஆட்கள் தேடி வருகிறார்கள். தப்புவியும் என்று மன்றாடவில்லை. சங்கீதப் புத்தகத்தோடு பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். 150 பாடல்களில் மிகப் பல முறையீடுகள்தான். கேட்டருளும், இரங்கும், விடுவியும் என்ற குரல் பக்கத்துக்குப் பக்கம் எழுகிற புத்தகம் அது. அதன் நடுவே, ஒன்றுமே கேட்காத இந்தப் பாடலில், தம் ஆத்துமாவின் திருப்தியைப் பற்றிப் பேசுகிறார் பாடுகிறவர். அந்தப் பேச்சு எல்லாம் சரியான பிறகு, முடிவில் வந்திருந்தால் கேள்வியே இல்லை. பாதியிலேயே வருகிறது. நிலம் அப்போதும் காய்ந்துதான் கிடக்கிறது. அப்படியானால் அந்தத் திருப்தி எங்கிருந்து வந்தது? வசனம் வசனமாகப் பார்ப்போம். வேதாகமத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தால் நல்லது. கத்தோலிக்கர் கையில் இருக்கும் திருவிவிலியத்தில் இது 63ஆம் திருப்பாடல்.

தலைப்பு

தாவீது யூதாவின் வனாந்தரத்தில் இருந்தபோது பாடியது என்கிறது தலைப்பு. அவர் அந்த வனாந்தரத்தில் இருமுறை அலைந்தார். இளமையில் சவுல் துரத்தியபோது ஒருமுறை. முதுமையை நெருங்கும்போது, சொந்த மகன் அப்சலோம் கலகம் செய்து எருசலேமைப் பிடிக்க வந்தபோது மறுமுறை. 11ஆம் வசனத்தில் பாடுகிறவர் தம்மை ராஜா என்கிறார். சவுல் துரத்திய நாட்களில் தாவீது இன்னும் அரியணை ஏறவில்லை. ஆகவே இது அப்சலோமின் காலத்துப் பாடல் என்று கொள்ளும் உரைகாரர்கள் பலர். நானும் அப்படியே வாசிக்கிறேன். அந்தப் பின்னணியில் வைத்தால்தான் ஒவ்வொரு வசனமும் தன் முழுக் கனத்தோடு நிற்கிறது.

எருசலேம் கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே 25 கிலோமீட்டர் போனால் சவக்கடல். அதன் நீர்மட்டம் இன்று கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 430 மீட்டர். மத்தியதரைக் கடலிலிருந்து வரும் மேகங்கள் மலைமுகட்டின் மேற்குப் பக்கத்திலேயே பெய்து தீர்ந்துவிடுவதால் கிழக்குச் சரிவு மழைமறைவுப் பிரதேசம். காலையில் அரண்மனையிலிருந்து புறப்பட்டவன் மாலைக்குள் சுண்ணாம்புப் பாறைக்கும் வறண்ட பள்ளத்தாக்குக்கும் நடுவில் நிற்பான். தாவீது அப்படித்தான் நின்றார். கீதரோன் ஆற்றைக் கடந்து, தலையை மூடிக்கொண்டு, வெறுங்காலோடு அழுதுகொண்டே ஒலிவமலை ஏறினார் என்று சாமுவேலின் இரண்டாம் புத்தகம் 15ஆம் அதிகாரம் சொல்கிறது. வழியில் சீமேயி என்பவன் அவர்மேல் கல்லெறிந்து சபித்தான்.

வசனம் 1

நீர் என் தேவன் என்று தொடங்கி, அதிகாலையில் தேடுவதையும், தண்ணீரற்ற நிலத்தில் ஆத்துமா தாகமாக இருப்பதையும், உடலும் அவரையே நாடுவதையும் சொல்கிறது இந்த வசனம். சொல்லும் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் உறவு, பிறகு தாகம். தேவன் இருக்கிறாரா என்று தேடி அலைகிறவரின் தாகம் இது இல்லை. ஏற்கெனவே அறிந்தவரை, ஏற்கெனவே சுவைத்ததை நாடுகிற தாகம். அதனால்தான் இவ்வளவு கூர்மை.

இங்கே உடலை ஒதுக்கிவிட்டு ஆத்துமாவை மட்டும் வைத்துப் பிரசங்கம் செய்கிறவர்கள் உண்டு. பாட்டில் அப்படி இல்லை. நாக்கு உண்மையாகவே வறண்டிருக்கிறது. கூட வந்தவர்கள் களைத்துப்போனார்கள் என்று வரலாறும் சொல்கிறது. உடம்பின் தாகத்தை மறுக்காமல், அதன் வழியாகவே அதைவிட ஆழமான ஒன்றை உணர்கிறார் தாவீது. ஆவிக்குரிய திருப்தி என்றதும் பசி, வலி, கடன், நோய் எல்லாம் பொருட்டில்லை என்று பேசிவிடுகிறோம். அது கிறிஸ்தவ விசுவாசம் ஆகாது. சிலுவையில் தொங்கிய இயேசு, தாகமாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னதை யோவான் பதிவு செய்திருக்கிறார். கூடாரப் பண்டிகையில் எழுந்து நின்று தாகமுள்ளவர்களைத் தம்மிடம் அழைத்தவரும் அவர்தான். அழைத்தவரே தாகத்தோடு மரித்தார். ஆகவே தாகம் அவிசுவாசத்தின் அடையாளம் என்று யாரும் யாரையும் குற்றப்படுத்த முடியாது.

அதிகாலை என்ற குறிப்பினால் ஆதித் திருச்சபை இதைக் காலைச் சங்கீதமாக வைத்துக்கொண்டது. 4ஆம் நூற்றாண்டில் கிழக்குச் சபைகளில் காலை ஆராதனைக்கு இதுவே வழக்கமான பாடல்.

வசனம் 2

பரிசுத்த ஸ்தலத்தில் தேவனுடைய வல்லமையையும் மகிமையையும் கண்டதை நினைக்கிறார். இப்போது இருக்கும் இடத்தில் பரிசுத்த ஸ்தலம் இல்லை. அதைவிட, அதன் உயிர்நாடியான உடன்படிக்கைப் பெட்டியைத் திருப்பி அனுப்பியவரே அவர்தான்.

எருசலேமை விட்டு ஓடும்போது ஆசாரியன் சாதோக்கும் லேவியரும் உடன்படிக்கைப் பெட்டியைச் சுமந்துகொண்டு கூடவே வந்தார்கள். தேவப் பிரசன்னத்தின் அடையாளமே துணைக்கு வருகிறது. வேறு எந்த அரசனும் இதைவிடப் பெரிய பலத்தை விரும்பியிருக்க மாட்டான். தாவீதோ அதை நகரத்துக்கே கொண்டுபோகச் சொன்னார். கர்த்தருடைய கண்களில் தமக்குத் தயவு கிடைத்தால் திரும்பி வந்து காண்பேன், இல்லையென்றால் அவர் நலமாகக் கண்டபடி செய்யட்டும் என்ற பொருளில் பேசினார். இதன் அருமை தெரிய 1 சாமுவேல் 4ஆம் அதிகாரத்தைப் பார்க்க வேண்டும். பெலிஸ்தரோடு நடந்த போரில் ஜெயிப்பதற்காக இஸ்ரவேலர் சீலோவிலிருந்து பெட்டியைப் போர்க்களத்துக்குத் தூக்கி வந்தார்கள். 30,000 காலாட்கள் மடிந்தார்கள்; பெட்டியும் பிடிபட்டது. தேவனைத் தங்கள் தேவைக்குக் கருவியாக்கப் பார்த்த கதை அது. தாவீது அந்தத் தவறைச் செய்யவில்லை. பெட்டி போனது, தேவன் போகவில்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

கையில் மிச்சம் இருந்தது நினைவு ஒன்றுதான். நல்ல நாட்களில் ஆராதனையில் கண்டதை வைத்துக் கெட்ட நாட்களில் உயிர்வாழ்கிறார். 2020 ஏப்ரலில் ஊரடங்கினால் ஆலயங்கள் பூட்டிக் கிடக்க, ஈஸ்டர் ஞாயிறன்று வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்த முதியவர்கள் இந்த வசனத்தை உள்ளபடியே வாழ்ந்தார்கள். ஆண்டாண்டாக மனப்பாடமான பாமாலைகளும் கீர்த்தனைகளும் அன்று அவர்களுக்கு ஆலயமாக இருந்தன. ஞாயிறு ஆராதனை வறட்சிக் காலத்துக்கும் சேர்த்துத்தான். அதை இலேசாக எண்ணுகிறவர்களுக்கு இந்த வசனத்தைவிட அன்பான எச்சரிக்கை வேறில்லை.

வசனங்கள் 3, 4

ஜீவனைவிட தேவனுடைய கிருபை மேலானது; ஆகவே உதடுகள் துதிக்கும், உயிருள்ளவரை கைகள் உயரும். பாடலின் அச்சு இங்கே இருக்கிறது. இதைத் தாண்டி அவசரமாகப் போகக் கூடாது.

மனிதன் விரும்பும் எல்லாவற்றுக்கும் அடிப்படை உயிர். வேலை, வீடு, பிள்ளைகள், சுகம், மரியாதை எதுவானாலும் உயிர் இருந்தால்தான். அந்த அடிப்படையையே இரண்டாம் இடத்தில் வைக்கிறார் தாவீது. அதுவும் அந்த உயிருக்குக் குறி வைக்கப்பட்டிருக்கும் நாளில். உயிரைவிடப் பெரிய ஒன்று கையில் இருந்தால், உயிருக்குத் தேவையானவை இல்லாதபோதும் மனம் முழுவதும் காலியாகிவிடாது. இந்தப் பாடலில் விண்ணப்பம் இல்லாததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். கேட்கத் தகுந்தவற்றில் மிகப் பெரியது ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது.

கேட்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்கச் சொல்லிக்கொடுத்தவர் இயேசுவே. நம் ஜெபக்கூட்டங்களில் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்கப்படும் ஜெபக்குறிப்புகள், மகனுக்கு விசா, மகளுக்குக் கல்யாணம், கணவனுக்குக் குடியிலிருந்து விடுதலை, எல்லாம் உண்மையான கண்ணீரோடு எழுதப்பட்டவை. அவற்றை அற்பமாகப் பேசுகிறவருக்கு மனிதரையும் தெரியாது, தேவனையும் தெரியாது. ஆனால் கேட்டது கிடைத்ததும் ஜெபம் ஓய்ந்துபோகிறது என்றால், அல்லது கிடைக்காததால் விசுவாசமே விழுகிறது என்றால், நாம் நாடியது கொடுப்பவரையா அவர் கையில் உள்ளதையா என்று இந்த வசனம் நம்மிடம் கேட்கிறது. ஆசீர்வாதம் என்ற சொல்லைப் பொருளாதாரத்தோடு முடிச்சுப் போட்டுவிட்ட மேடைகளும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இந்த வசனத்தை வாழ்ந்து காட்டியவர் ஒருவர் நம் மண்ணில் உண்டு. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் அதிகாரியாக இருந்த நீலகண்டபிள்ளை. 1741 குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்த டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாயிடம் யோபுவின் கதையைக் கேட்டார். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பதவி போனது. கைதானார். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் அவமானப்படுத்தினார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். விசுவாசத்தைக் கைவிட்டிருந்தால் உயிரும் பதவியும் மீண்டிருக்கும். புலியூர்க்குறிச்சியில் தாகத்தோடு முழங்கையால் பாறையை இடித்தபோது தண்ணீர் வந்தது என்று குமரி மாவட்ட மக்கள் நம்புகிறார்கள். முட்டிடிச்சான் பாறை என்று அந்த இடத்துக்கு இன்றும் பெயர். அந்தத் தண்ணீர் அவர் உயிரைக் காப்பாற்றிவிடவில்லை. அவர் வாழ்வைத் தாங்கியது வேறொன்று. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்.

வசனம் 5

நிணமும் கொழுப்பும் நிறைந்த விருந்து உண்டதுபோல ஆத்துமா திருப்தியாகிறது. மகிழ்ச்சியான உதடுகளோடு வாய் துதிக்கிறது. இன்றைய வாசகருக்குக் கொழுப்பு என்றால் மருத்துவர் ஒதுக்கச் சொல்லும் பொருள். பழைய இஸ்ரவேலில் அது விருந்தின் உச்சம். மேலும், லேவியராகமம் 3ஆம் அதிகாரத்தின்படி சமாதான பலியில் கொழுப்பு முழுவதும் கர்த்தருக்குரியது. பீடத்தில் எரித்துவிட வேண்டும், மனிதர் உண்ணக் கூடாது. மார்க்கண்டமும் வலது முன்னந்தொடையும் ஆசாரியருக்கு. மற்ற மாமிசத்தைப் பலி கொண்டுவந்தவர் குடும்பத்தோடு உண்பார். ஒரே பலியில் தேவனுக்கும் ஆசாரியனுக்கும் வீட்டாருக்கும் பங்கு உண்டு. தேவனோடு பந்தியிருக்கும் சாப்பாடு அது. தாவீது தம் திருப்திக்கு உவமையாக எடுத்ததோ, அந்தப் பந்தியில் தேவனுக்கென்று ஒதுக்கப்படும் பங்கை. தேவனுக்குரிய மேன்மையானதைத் தேவனே எனக்கு ஊட்டினார் என்பதுபோல் இருக்கிறது.

இதைப் பாடும்போது எதிரே உணவு இருந்ததா? வழியில் சீபா என்பவன் 200 அப்பங்களும் வற்றலாக்கிய திராட்சையும் கொண்டுவந்தான் என்று படிக்கிறோம். ஒரு படைக்கு அது எம்மாத்திரம்? கோதுமை, வாற்கோதுமை, தேன், வெண்ணெய், ஆடுகள் என்று வயிறாரக் கிடைத்தது யோர்தானைக் கடந்து மக்னாயீம் போய்ச் சேர்ந்த பிறகுதான். கிலேயாத்தியனாகிய பர்சிலாவும் வேறு இருவரும் கொடுத்தார்கள். வனாந்தரத்தில் பாடிய பாட்டுக்கு அந்த விருந்து காரணமாக இருந்திருக்க முடியாது.

சீகார் ஊர்க் கிணற்றடியில் இயேசு சமாரியப் பெண்ணைச் சந்தித்ததும் இங்கே நினைவுக்கு வருகிறது. பேச்சைத் தண்ணீர் கேட்டுத் தொடங்கியவர் இயேசு. நண்பகல் வெயிலில் தண்ணீர் மொள்ள வந்தவள் அந்தப் பெண். பேச்சு முடிந்ததும் அவள் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குள் ஓடுகிறாள். அவள் மொண்டாளா, இயேசு குடித்தாரா என்று யோவான் எழுதவே இல்லை. எதற்காக வந்தாளோ அதை மறக்கும் அளவுக்குப் பெரிய ஒன்று அவளுக்குக் கிடைத்துவிட்டது.

வசனங்கள் 6, 7, 8

படுக்கையில் நினைப்பதும், இராச்சாமங்களில் தியானிப்பதும், செட்டைகளின் நிழலில் களிகூருவதும் 6, 7ஆம் வசனங்களில். பழைய இஸ்ரவேலர் இரவை மூன்று சாமமாகப் பிரித்திருந்தார்கள். சாமம் காவல்காரனுடைய கணக்கு. தூங்குகிறவனுக்குச் சாமம் தெரியாது. தாவீது தூங்கவில்லை. எந்த நேரமும் படை வந்து சூழலாம் என்ற இரவு அது. பயத்தால் போன தூக்கத்தைத் தியானமாக மாற்றிக்கொள்கிறார். செட்டைகள் என்பது உடன்படிக்கைப் பெட்டியின்மேல் விரிந்திருந்த கேருபீன்களின் செட்டைகளையும் நினைவூட்டுகிறது. பெட்டியை அனுப்பிவிட்டவர் அதன் நிழலில்தான் இன்னும் இருக்கிறேன் என்கிறார்.

படுக்கை என்றதும் டோனாவூரில் ஊழியம் செய்த எமி கார்மைக்கேல் அம்மையாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1931இல் களக்காட்டில் மாலை மங்கிய வேளையில் குழியில் விழுந்து கால் முறிந்தது. அதன்பின் 1951 ஜனவரியில் மறையும்வரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே, வலியோடு. சுகம் வேண்டி ஜெபித்தவர்கள் ஏராளம்; முழுச் சுகம் வரவில்லை. அந்த அறையிலிருந்தே புத்தகங்கள் எழுதினார், நோயாளிகளுக்கு ஒரு நோயாளியாகவே ஆறுதல் எழுதினார். திருப்தி என்பது வலியில்லாமை என்று எண்ணுகிறவர்கள் அந்த 20 ஆண்டுகளைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

8ஆம் வசனம் சிறியது, ஆனால் இரு முனைகள் கொண்டது. என் ஆத்துமா உம்மைப் பற்றிக்கொண்டு தொடர்கிறது என்பது ஒரு முனை. உம் வலக்கரம் என்னைத் தாங்குகிறது என்பது மறு முனை. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியா, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியா என்று நம் நாட்டு வைணவ ஆசாரியர்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது இந்த வசனம். நான் பற்றியிருப்பது உண்மை. ஆனால் நான் விழாமலிருப்பது என் பிடியால் இல்லை. கை தளர்ந்த விசுவாசிகளுக்கு இதைவிட இதமான செய்தி இருக்கிறதா?

இன்னொன்று. ஆத்துமா இந்தப் பாடலில் மூன்று இடங்களில் வருகிறது. 1இல் தாகம், 5இல் திருப்தி, 8இல் தொடர்ந்து பற்றுதல். திருப்தியோடு கதை முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. நிறைவு பெற்ற ஆத்துமா மறுபடியும் எழுந்து பின்தொடர்கிறது. தேவனைக் காண்பது என்பது அவரைக் காணும் ஆசை ஒருபோதும் தீராமலிருப்பதே என்று 4ஆம் நூற்றாண்டில் நீசாவின் கிரகோரி, மோசேயின் வாழ்வைப் பற்றி எழுதும்போது விளக்கினார். உலகத்து ஆசைகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான். அவை கிடைத்ததும் சலிக்கின்றன. இது கிடைக்கக் கிடைக்க வளர்கிறது.

வசனங்கள் 9, 10, 11

என் உயிரைத் தேடுகிறவர்கள் பூமியின் ஆழத்தில் இறங்குவார்கள், பட்டயத்துக்கு விழுவார்கள், நரிகளுக்கு இரையாவார்கள். ராஜாவோ தேவனில் களிகூருவார். பொய் பேசும் வாய்கள் அடைபடும். இவ்வளவு நேரம் கேட்ட பாட்டா இது என்று திடுக்கிட வைக்கும் வரிகள். கத்தோலிக்கரின் காலைப் புகழ்ச்சி இந்தப் பகுதியை விட்டுவிட்டு 8ஆம் வசனத்தோடு நிறுத்துகிறது. ஜெபத்தில் பகைமை கலக்கக் கூடாது என்ற நல்லெண்ணம் புரிகிறது. ஆனாலும் விடக் கூடாது என்பதே என் எண்ணம். விட்டுவிட்டால், எதிரிகள் இல்லாத அமைதியான தோட்டத்தில் பாடிய பாட்டாக இது ஆகிவிடும்.

விட்டுவிட்டால் இன்னொன்றும் போய்விடும். இந்தப் பாடல் முழுக்க வாயின் பாடல். முதலில் வறண்ட வாய். பின் துதிக்கும் உதடுகள். பின் விருந்துண்ட வாய். கடைசியில் அடைபடும் பொய் வாய். நகர வாசலில் நின்று, நியாயம் கேட்டு வந்தவர்களிடம் இனிக்க இனிக்கப் பேசி, இஸ்ரவேலரின் மனதைக் கவர்ந்துகொண்டவன் அப்சலோம். வெறும் பேச்சால் ஓர் அரசையே பறித்தவன். அந்த வாய்க்கு எதிரே தாவீதிடம் இருந்ததும் ஒரு வாய்தான், அது துதித்துக்கொண்டிருந்தது.

9, 10ஆம் வசனங்கள் நிறைவேறின. எப்பிராயீம் காட்டில் நடந்த போரில் 20,000 பேர் மடிந்தார்கள். கர்வாலி மரத்தில் தலை சிக்கித் தொங்கிய அப்சலோமைத் தாவீதின் தளபதி யோவாபும் அவன் ஆட்களும் குத்திக் கொன்றார்கள். வெற்றிச் செய்தி மக்னாயீமுக்கு வந்தது. தாவீது மகிழ்ந்தாரா? வாசலின் மேல்வீட்டுக்கு ஏறிப்போய், மகனே மகனே என்று அழுதார். உனக்குப் பதிலாக நான் செத்திருக்கக் கூடாதா என்று அழுதார். அரியணை திரும்பக் கிடைத்தது, எதிரி ஒழிந்தான், தண்ணீரும் உணவும் இருந்தன. வனாந்தரத்தில் இருந்த திருப்தி அந்த மாடியறையில் இல்லை.

இதை வைத்து 11ஆம் வசனத்தை மறுபடி வாசிக்க வேண்டும். ராஜா எதில் களிகூருவார் என்கிறது? எதிரிகளின் வீழ்ச்சியில் என்று சொல்லவில்லை. தேவனில் என்கிறது. 9, 10ஆம் வசனங்களின் நியாயத்தீர்ப்பைத் தேவனிடமே விட்டுவிட்டு, மகிழ்ச்சியை மட்டும் வேறோர் இடத்தில் வைக்கிறார் பாடுகிறவர். அந்த நியாயத்தீர்ப்பு தம் மகன்மேல் வந்து விழுந்தபோது, அதில் மகிழ்ச்சி எதுவும் இருக்கவில்லை என்பதை அவர் கண்ணீரே காட்டியது.

உங்கள் சபையில் இந்தச் சங்கீதம் வாசிக்கப்படும் நாளில் 8ஆம் வசனத்தோடு வேதாகமத்தை மூடிவிடாதீர்கள். கடைசி மூன்று வசனங்களையும் வாசியுங்கள். 2 சாமுவேல் 18ஆம் அதிகாரத்தையும் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு உங்கள் ஜெபக்குறிப்புகளை எடுத்துக் கேளுங்கள். ஒன்றும் விடாமல் கேளுங்கள்.